மருந்துச் சீட்டில் எழுதக் கூடாதது

அன்புள்ள ஐயாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குக் கட்டிப் போன சேலையைக்கூட மாற்றவில்லை. கொழிஞ்சாம்பாறையில் நீ டாக்டராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வாராவாரம் கூப்பிடுகிறாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதும், சாப்பிட்டேன் என்று நீ பொய் சொல்வதும், அதை நான் நம்பியதாகக் காட்டிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. இந்த வாரம் நீ பேசியது வேறு. நாலு மாதமாக ஒரு பெண் நெஞ்செரிச்சல், தூக்கமில்லை என்று வந்துகொண்டிருந்தாள், விவசாயக் குடும்பம், கணவர் குடிக்கிறார் என்று கடைசியில் தெரிந்தது என்றாய். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகப் பொள்ளாச்சியில் ஒரு கூட்டம் நடப்பதை நீ விசாரித்து வைத்திருந்தாய். மாத்திரைக்குக் கீழேயே இடம், நாள், நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தாய். அவள் அதை வாங்கிக்கொண்டு, “ஏனுங்க டாக்டர், இதைய எங்க ஊட்டுக்காரரு பாத்தா என்னுங்க பண்றது?” என்று கேட்டாள். பயப்படாதீங்கம்மா என்றாய். மூன்று வாரமாக அவள் வரவில்லை.

“அம்மா, நான் நல்லதுதான செஞ்சேன்?” என்று கேட்டாய். நான் ஆமா என்று சொல்லிவிட்டேன். அது பொய். உனக்கு நான் சொன்ன இரண்டாவது பெரிய பொய். முதல் பொய்யை நீ ஐந்து வயதில் நம்பினாய், இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்தேன். அடுத்த வாரம் இடது கண்ணில் புரை எடுக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் சில நாள் எழுதக் கூடாதாம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி என்னை முடித்துவிடுவாய். காகிதத்திடம் அந்தத் தொல்லை இல்லை.

சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் நான் நர்ஸாக இருந்த டிஸ்பென்சரி உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது? பச்சைக் கதவு, உள்ளே ஸ்பிரிட் வாடை, வெளியே ஸ்டோரில் காயப்போட்ட ஏலக்காய் வாசம். இரண்டும் கலந்து என் சேலையிலேயே ஒட்டிக்கிடக்கும். அப்பா பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு டூட்டிக்குப் போவேன். மருந்து அலமாரிக்குக் கீழே ஒரு சாக்கு விரித்து உட்கார வைப்பேன். மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் நிற்கும்போது நீ போடுகிற சத்தத்தில் எனக்கு ஊசியே கை தவறிவிடும். அப்போதெல்லாம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனவள் புஷ்பம்.

புஷ்பம் சித்தி என்றால் உனக்கு நினைவு வரும். தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாவது லயத்தில் கடைசி வீடு. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களில் அவளுக்குத்தான் கை வேகம். வேலை முடிந்ததும் நேரே நம் வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு ஊட்டுவாள். மோர்ச்சோற்றை உருட்டி, நடுவில் ஒரு துண்டு நாரத்தங்காய் ஒளித்து வைத்து, எந்த உருண்டையில் இருக்கிறது கண்டுபிடி என்பாள். பெற்ற தாய் நான் கொடுத்தால் நீ வாயை இறுக்கிக்கொள்வாய். அவள் கையில் கிண்ணம் முழுக்கக் காலியாகும். அவளுக்கு உன் வயதிலேயே ஒரு மகள் இருந்தாள், எஸ்தர். நீங்கள் இரண்டு பேரும் ஸ்டோர் மாடியில் ஏறி அடிவாங்கியது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது. எஸ்டேட்டை விட்டு வந்த பிறகு அந்தக் குளிரும் அந்தச் சத்தமும் எங்கேயும் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவள் வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் தலைவலி மாத்திரை வாங்குவாள். சில வாரம் வயிற்றெரிச்சல். சில வாரம் நெஞ்சு படபடக்குது என்பாள். மூன்று வருஷம் வாங்கினாள், மூன்று வருஷம் கொடுத்தேன். அவள் புருஷன் செல்வராஜ் கள்ளு ஷாப்பில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பது எஸ்டேட்டுக்கே தெரியும். கை நீட்ட மாட்டான். ஆனால் உலையைக் கவிழ்ப்பான், விடியவிடியப் பேசுவான், மறுநாள் அழுவான். எல்லாம் தெரிந்துகொண்டே நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு அவமானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் கூச்சம். கேட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது சுலபம். உன் அப்பா பாக்குகூடப் போடாதவர். அதனால் எனக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. நம் வீட்டில் இல்லாத நோய், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கி நிற்கிற பெருமை.

பிறகு எஸ்டேட் நர்ஸுகளுக்கு மூணாறில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். அங்கே ஒரு பெண் வந்து பத்து நிமிடம் பேசினாள். பூப்பாறையில் ஒரு பள்ளிக்கூட அறையில் புதன்கிழமை மத்தியானம் குடிப்பவர்களின் மனைவி, தாய், பிள்ளைகள் கூடி உட்காருகிறார்கள், பேர் எழுதி வைப்பதில்லை, யார் சொன்னதும் வெளியே போகாது, குடிப்பவரைத் திருத்துவதற்காக அல்ல, கூட வாழ்கிறவர்களுக்காக என்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து யாரையாவது அங்கே அனுப்பியே தீர வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. அடுத்த தடவை புஷ்பம் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். போறேம்மா என்றுகூடச் சொன்னாள். புதன்கிழமை வேலை நாள் ஆயிற்றே, அரைநாள் லீவுக்கு என்னிடமிருந்து சீட்டு வேண்டும். என்ன காரணம் என்று ஒரு கட்டம் உண்டு அந்தச் சீட்டில். நான் பொய் எழுத மாட்டேன் என்று பேர் வாங்கியவள் அல்லவா? “கணவரின் குடிப்பழக்கம். குடும்பத்தார் கூட்டத்துக்கு அனுப்பப்படுகிறார்” என்று மணி மணியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அந்தச் சீட்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் எழுதிக் கொடுத்தவள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டரில் அதைச் சூப்பர்வைசரிடம் நீட்ட வேண்டும். அவர் சீட்டைச் சத்தமாகப் படிக்கிற ஆள். காய்ச்சல், கால் வீக்கம், பல்வலி என்று படித்து, ஆளுக்கொரு கேலியும் செய்வார். புஷ்பத்துக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் என்ன எழுதினேன் என்று அவளுக்கே தெரியாது, ஐயா. ஆம்பளை வரிசை, பொம்பளை வரிசை, பிள்ளை தூக்கி வந்தவர்கள் எல்லாரும் நிற்க, அவள் வீட்டு விஷயத்தை அவள் முதல் தடவையாக அடுத்தவர் வாயால் கேட்டாள். செல்வராஜ் ஆம்பளை வரிசையில் நின்றான். யாரோ சிரித்தார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் வேலைக்கே போய்விட்டாளாம். பூப்பாறைக்குப் போகவில்லை.

பத்து மணிக்குச் செல்வராஜ் டிஸ்பென்சரிப் படியில் வந்து நின்றான். அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “சிஸ்டரம்மா, எம் பேரு எந்த நோயாளி நோட்டுலயும் இல்லயே. நீங்க எப்பிடி எழுதலாம்?” என்று கேட்டான். நான் அவனைத் திட்டி அனுப்பினேன். சரியாகக் கேட்டவனைத் திட்டினேன்.

புஷ்பம் அதோடு நின்றுவிட்டாள். டிஸ்பென்சரிக்கும் வரவில்லை, நம் வீட்டுக்கும் வரவில்லை. கையில் கத்தி வெட்டியபோதுகூட ஜீப் பிடித்து வேறு ஆசுபத்திரிக்குப் போனாள். நீ சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருப்பாய். சித்தி ஏன் வரல, சித்தி ஏன் வரல என்று நாலு நாள் கேட்டாய். சித்திக்கு வேறு டிவிஷனுக்கு மாற்றல் ஆகிவிட்டது, தூரம், வர முடியாது என்றேன். அதுதான் முதல் பொய். அவள் எங்கேயும் போகவில்லை. நம் வீட்டிலிருந்து இருநூறு அடியில் அதே லயத்தில் இருந்தாள். என் கையெழுத்துதான் அவளை வரவிடாமல் தடுத்தது. எஸ்தரையும் அவள் நம் பக்கம் விடவில்லை, அந்த மாதமே உன்னைப் படிக்கப் பாட்டி வீட்டில் விட்டதால் நீ அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. நீ அழுதழுது தூங்கியதைப் பார்த்துக்கொண்டே எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. நல்லது செய்யப் போனேன், நன்றி கெட்டவள் என்று உன் அப்பாவிடம் புலம்பினேன். அவர், “நீ அவளக் கேட்டியா?” என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான் நடு முதுகில் விழும்.

எட்டு மாதம் கழித்து, வெட்கத்தை விட்டு, ஒரு புதன்கிழமை நானே பூப்பாறைக்குப் போனேன். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். மாதத்தில் கடைசிப் புதன் வெளியாட்களும் வரலாம் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். ஒப்பாரி கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் போனவளுக்கு அங்கே பெண்கள் சிரிப்பது கேட்டது. டீயும் உளுந்துவடையும் இருந்தது. ஒருத்தி, புருஷன் ஒளித்து வைத்த பாட்டிலைத் தேடி அரிசிப் பானையில் கைவிட்டு எலி கடித்த கதையைச் சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது. அதே மூச்சில் அவள் அழுதாள், யாரும் அழாதே என்று சொல்லவில்லை. யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. தன் கதையைத்தான் ஒவ்வொருத்தியும் சொன்னாள். இப்படி ஒரு இடம் என்று தெரியாமலேயே நான் புஷ்பத்தை அங்கே விரட்டப் பார்த்திருக்கிறேன். டீ ஊற்றிக் கொடுத்த அக்கா மூக்குத்தி போட்டிருந்தார், பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரிடம் என் சீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ள எப்ப வேணும்னாலும் வரட்டும், தனியா வர சங்கடமா இருந்தா நான் முக்குல வந்து நின்னு கூட்டிட்டு வாரேன் என்றார்.

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். புஷ்பம் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் டீக்குப் போன நேரம். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்க ஆரம்பித்தேன். ஒரு தட்டு பொறுக்கி முடித்ததும், “அந்தச் சீட்ட எழுதுனது என் தப்பு புஷ்பம். ஒன்னக் கேக்காம எழுதிட்டேன்” என்றேன். அவள் கை நிற்கவில்லை. பச்சைக்காயை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

“நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லம்மா. ஆனா அத நாந்தான சொல்லிருக்கணும்.”

ஐயா, இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ வகுப்புக்குப் போய்விட்டேன். இந்த ஒரு வரிக்கு மேல் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அழுகையை அடக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூக்குத்தி அக்காவைப் பற்றிச் சொன்னேன். போ என்று சொல்லவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொன்னேன், வடை உட்பட. நீ போனாலும் போகாவிட்டாலும் தலைவலிக்கு என்னிடம் வா என்று சொன்னேன். அதற்கப்புறமும் இரண்டு மாதம் அவள் போகவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சீட்டு வேண்டும் என்றாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “தலவலின்னே எழுதுங்க. அதுவும் உள்ளதுதான” என்றாள். அந்தப் புதன் முதல் நான் எஸ்டேட்டை விட்டு வரும்வரை அவளுக்கு மாதம் இரண்டு தடவையாவது தலைவலி வந்தது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, அது என்ன புதன்கிழமை பார்த்து வருகிற தலைவலி என்று கேட்டார். அது அந்த வகைத் தலைவலி சார் என்றேன்.

செல்வராஜ் குடியை விட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் விடவில்லை. மூன்று தடவை சிகிச்சைக்குச் சேர்ந்தான், மூன்று தடவையும் குடிக்கே திரும்பிப் போனான், ஈரல் கெட்டு இறந்தான். ஆனால் புஷ்பம் அவனுக்காகச் சூப்பர்வைசரிடம் பொய் சொல்வதை நிறுத்தினாள். விழுந்தவனைத் தூக்கிவரப் போவதை நிறுத்தினாள். தூங்கினாள். எஸ்தர் படித்தாள். இதனால்தான் சொல்கிறேன், அங்கே போனால் உன் புருஷன் திருந்துவான் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. அது உன் கையில் இல்லாத மருந்து.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரைக்குக் கீழே எழுதினேன் என்றாயே, அந்தச் சீட்டை அவள் எங்கே நீட்டுவாள் என்று யோசித்தாயா? மருந்துக்கடையில். உன் ஊரில் மருந்துக்கடையில் நிற்கிறவர் யாருக்கு மச்சான், யாருக்குப் பங்காளி என்று உனக்குத் தெரியுமா? எங்களுக்கு மஸ்டர், உங்களுக்கு மருந்துக்கடை. நல்ல கையெழுத்து வேறு உனக்கு, டாக்டருக்கு ஆகாத அளவுக்கு. அது என்னிடமிருந்து வந்தது, அதனால் பாதிப் பழி எனக்கு. அதைவிட, அவள் கேட்ட கேள்வியை நீ பார். எங்க ஊட்டுக்காரரு பாத்தா என்ன பண்றது என்றாள். அது ஒரு நோயாளி உன்னிடம் சொன்ன முக்கியமான அறிகுறி. நீ பயப்படாதீங்க என்று சொல்லி மூடிவிட்டாய். பார்த்தா என்ன செய்வாரும்மா என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அடிப்பார் என்றால் முதலில் அவள் பாதுகாப்புக்கு வழி பார்க்க வேண்டும், அதற்கான ஆட்களையும் நம்பரையும் நீ கையில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆபத்துக்குக் கூட்டம் மட்டும் போதாது.

அவளைத் தேடிப் போகாதே. போனும் செய்யாதே, யார் எடுப்பார் என்று தெரியாது. பிள்ளைக்குத் தடுப்பூசி பாக்கி இருக்கிறது என்றாய். அதற்கு வருவாள். கூட மாமியார் வந்தால், ஊசி போடும்போது பிள்ளையைத் தாய் மட்டும் பிடித்தால் போதும் என்று சொல்லி வெளியே உட்கார வை. உன் நர்ஸை நம்பலாம் என்றால் அவள் அதைச் செய்வாள். உனக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் முதலில் தப்பு என்னுதும்மா, உங்களைக் கேட்காமல் எழுதிட்டேன் என்று சொல். டாக்டர் மன்னிப்புக் கேட்டால் குறைந்துவிட மாட்டார். அப்புறம் தூக்கம் எப்படி இருக்கிறது என்று அவளைப் பற்றிக் கேள், அவரைப் பற்றிக் கேட்காதே. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய் அந்தக் கூட்டத்தில் வெளியாட்களை விடுகிற நாளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா. பார்த்த இடத்தைச் சொல்லும்போது உன் குரலே வேறாக இருக்கும். அங்கே இருக்கிற ஒரு ஆளைத் தெரிந்துகொள். முகவரியைப் பிடித்துக்கொண்டு யாரும் போக மாட்டார்கள், ஒரு ஆள் முக்கில் நின்றால் போவார்கள். அவள் வேண்டாம் என்றால் சரி என்று சொல்லி, நெஞ்செரிச்சலுக்கு அடுத்த தேதியைக் கொடு. போனீங்களா போனீங்களா என்று பரீட்சை வைக்காதே. நீ கதவைத் திறந்து வைத்துக் காத்திரு, அது போதும்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதுவும் புஷ்பத்தின் கதைதானே, மறுபடியும் கேட்காமல் எழுதிவிட்டேனே என்று. நேற்று ஜீப் பிடித்து அவளிடம் போனேன். புஷ்பம் இப்போது எஸ்தரின் வீட்டோடு இருக்கிறாள், தலை நரைத்துவிட்டது, கை வேகம் குறையவில்லை. கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எலி கடித்த இடத்தில் சிரித்தாள். மாற்றல் பொய்யைக் கேட்டதும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். பிறகு வந்து, இத அனுப்பலாம், ஒரு எழுத்தும் அடிக்காதீங்க என்றாள். பேனாவையும் ஒரு தாளையும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே நாற்பது வயதில் எழுத்துப் படித்தவள் அவள். இதோடு வைத்திருப்பது அவள் எழுதியது. நான் திருத்தவில்லை.

உன் அம்மா.

“தம்பி, நான் மாறிப் போகல. ஒன்ன தெனமும் சன்னல் வழியா பாத்தேன். அந்தப் பிள்ளைக்கு இஷ்டம் இருந்தா மட்டும் என் நம்பரக் குடு. சீட்டுல எழுதாத, வாயால சொல்லு. எப்ப வேணும்னாலும் கூப்பிடட்டும். புதன்கிழமை மத்தியானம் மட்டும் எடுக்க மாட்டேன், கூட்டத்துக்குப் போயிருப்பேன். புஷ்பம் சித்தி.”